1994 ஹைலக்ஸ் டீசல் கெப்பைப் பத்து இலட்சம் கிலோமீற்றர் வரை ஓட்ட முடியுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஓடும் 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபிள் கெப். ஃபோர் வீல், 3எல் டீசல் எஞ்சின், முன்னாலும் லீஃப் ஸ்பிரிங். மீற்றரில் 460,000 கி.மீ. எஞ்சினை இதுவரை பிரிக்கவில்லை. பத்து இலட்சம் வரை கொண்டுபோகலாமா? முதலில் எதற்குச் செலவழிக்க வேண்டும்?

பதில்:

கொண்டுபோகலாம். ஆனால் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். இன்னும் 540,000 கி.மீ. ஓட வேண்டும். வருடத்துக்கு 20,000 ஓடினால் 27 வருடம். அதற்குள் எஞ்சினுக்கு ஒரு தடவை பெரிய வேலை வரலாம், அது பரவாயில்லை. 3எல் என்பது எஞ்சின் வகையின் பெயர், கொள்ளளவு 2,779 சிசி. டேர்போ இல்லை, கொம்பியூட்டர் இல்லை. கெட்டுப்போனால் கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஜப்பான் எஞ்சின் ஒன்று தேடிப் பிடிக்கலாம். செசியை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, அப்படி வாங்கி மாற்ற முடியாது, வண்டியின் அடையாள இலக்கமே அதில்தான் பொறித்திருக்கிறது. அதனால் 27 வருடத்தைத் தாங்க வேண்டியது முதலில் செசி, அடுத்து ரப்பர், அதற்கடுத்துத்தான் எஞ்சின். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இன்றைய வரியோடு புதுக் கெப் ஒன்றின் விலையைப் பார்த்தால், கையில் இருக்கும் நல்ல செசிக்குச் செலவழிப்பதில் நட்டம் இல்லை.

செசியை நீங்களே பாருங்கள். பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும் பகுதி, பின் ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகளின் உட்புறம், கெபின் உட்காரும் ரப்பர்களுக்குக் கீழே: இந்த மூன்று இடங்களில்தான் சேறு தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ற் நன்றாக இருப்பதை நம்ப வேண்டாம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். செசி குழாய்போல உள்ளே வெற்றிடமாக இருப்பதால், அதிலுள்ள துளைகள் வழியே தண்ணீர் விட்டு உள்மண்ணைக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, மெழுகு வகைத் துருத்தடுப்பியை நீண்ட குழாய் முனையால் உள்ளே அடிக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை, மாரிக்கு முன்பு. பழைய எஞ்சின் ஒயிலை அடியில் பூசும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது புஷ் ரப்பர்களை ஊதவைத்துக் கெடுக்கும், மண்ணிலும் வடியும். மீன் ஏற்றும் வண்டியென்றால் ஐஸ் தண்ணீர் பெட்டியின் மூலைகளால் வடிந்து செசியில்தான் விழும். அப்படிப்பட்ட வண்டியை அன்றன்றே நல்ல தண்ணீரால் அடியில் கழுவ வேண்டும்.

இனி எஞ்சின். இந்த எஞ்சின் தேய்ந்து நிற்பது குறைவு. சூடேறி ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) வெடிப்பு விழுவதும், ரைமிங் பெல்ட் (கிராங்கின் சுழற்சியை வால்வுகளைத் திறக்கும் காம் தண்டுக்குக் கொண்டுபோகும் பட்டி) அறுவதும்தான் அதைக் கொல்லும் இரண்டு காரணங்கள்.

யாழ்ப்பாணத்தில் சூட்டுக்குக் கிணற்றுத் தண்ணீரிலிருந்தே தொடக்கம். சுண்ணாம்புக் கல்லில் ஊறிய தண்ணீர். கேத்தலில் படிகிற அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றர் குழாய்களிலும், ஹெட்டில் வால்வுகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய நீர்வழிகளிலும் படியும். ஹெட்டில் அதிகம் சூடாவது அந்த இடம், முதலில் வெடிப்பதும் அங்கேதான். ஆகவே ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். நல்ல கூலன்ற்றும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் இறக்கி மாற்றுங்கள். இறக்கும்போது ரேடியேற்றரின் அடி அடைப்பான் மட்டும் போதாது, எஞ்சின் புளொக்கின் பக்கத்திலுள்ள அடைப்பானையும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பழையதில் நல்ல பங்கு உள்ளேயே நிற்கும். நிரப்பும்போது ஹீற்றரைச் சூட்டுப் பக்கம் திருப்பி, மூடி திறந்தபடி ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.

460,000 கி.மீ. ஓடிய வண்டிக்கு ரேடியேற்றரைக் கழற்றி, மேல் கீழ்த் தொட்டிகளைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். செய்யவில்லையென்றால் இந்த வருடமே செய்யுங்கள், அல்லது புது ரேடியேற்றர் போடுங்கள். அதோடு தெர்மோஸ்ராற், ரேடியேற்றர் மூடி, எல்லா ஹோஸ்களும் புதிதாக. தெர்மோஸ்ராற்றைக் கழற்றிவிட்டு ஓடுவது தீர்வு இல்லை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசல் முழுதாக எரியாது, சிலிண்டர் தேய்மானம் கூடும். ஃபான் கிளச்சையும் பாருங்கள்: எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுழற்றினால் இறுக்கம் தெரிய வேண்டும். தாராளமாகச் சுழன்றால் உள்ளே இருந்த சிலிக்கன் ஒயில் போய்விட்டது.

டாஷ்போர்டிலுள்ள சூட்டு முள்ளை நம்பி இருக்காதீர்கள். நடுவில் வெகுநேரம் அசையாமல் நின்றுவிட்டு, ஏறத் தொடங்கும்போது காரியம் கைமீறியிருக்கும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போனால் சென்சரைச் சூடாக்கத் தண்ணீரே இராது; முள் கீழேயே கிடக்கும், ஹெட் வெந்துகொண்டிருக்கும். ஹெட்டின் ஒரு போல்ட்டில் மாட்டும் வெப்ப அலாரம் ஒன்று பூட்டிக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் செய்யக்கூடிய செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது இல்லை.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மேல் ஹோஸ் விறைப்பாக இருந்தால், மூடியைத் திறந்து ஓடவிடும்போது குமிழி வந்துகொண்டே இருந்தால், கூலன்ற் பக்கத் தொட்டிக்குத் தள்ளப்பட்டுத் திரும்பாமல் போனால், ஹெட் கஸ்கெட் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) அல்லது ஹெட் போய்விட்டது. ஒட்டும் திரவம் எதையும் ஊற்ற வேண்டாம், ரேடியேற்றரும் சேர்ந்து அடைக்கும். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் மட்டம் பார்ப்பதோடு விடாமல், அழுத்தம் கொடுத்து வெடிப்பு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கஸ்கெட் மூன்று தடிப்பில் வரும். பி, டி, எஃப் என்று பொறித்திருக்கும். பிஸ்டன் புளொக்குக்கு மேலே எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று டயல் மானியால் அளந்துதான் எதைப் போடுவதென்று முடிவுசெய்ய வேண்டும். அளக்காமல் கடையில் கிடைத்ததைப் போடும் கராஜில் ஹெட் வேலை கொடுக்காதீர்கள்.

ரைமிங் பெல்ட் 100,000 கி.மீ.க்கு ஒன்று. டாஷ்போர்டில் டி-பெல்ட் என்ற விளக்கு எரியும். அந்த விளக்கு மீற்றரை மட்டுமே எண்ணுகிறது. மீற்றர் கேபிள் அறுந்து சில மாதம் ஓடியிருந்தாலோ, வேறு மீற்றர் மாட்டியிருந்தாலோ, அது சொல்வது பொய். கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால் இப்போதே மாற்றுங்கள். குறைவாக ஓடும் வண்டியென்றாலும் ஐந்து வருடத்துக்கு மேல் விடுவது நல்லதில்லை. பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். அதற்குப் பிறகு ஹெட் வேலைதான். பெல்ட்டோடு ரென்ஷனர், ஐட்லர் பெயாரிங், காம் ஒயில் சீல், கிராங்கின் முன் ஒயில் சீல் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். சீல் கசிந்து ஒயில் பட்டால் புதுப் பெல்ட்டும் ஊறிப்போய் அறும். பூட்டியபின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச்சுற்றுச் சுற்றி, குறிகள் ஒன்றுக்கொன்று நேரே வருகின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்ரார்ட் செய்ய வேண்டும்.

வால்வு இடைவெளி பலரும் மறப்பது. குளிர்ந்த எஞ்சினில் இன்லெட் 0.20 முதல் 0.30 மி.மீ., எக்ஸோஸ்ற் 0.40 முதல் 0.50 மி.மீ. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் அமிழ்வதால் இடைவெளி குறையும். அதனால் டிக் டிக் சத்தமும் குறையும். பழைய வண்டி திடீரென அமைதியானால் சந்தோஷப்படாமல் வால்வு மூடியைத் திறந்து அளந்து பாருங்கள். இடைவெளி இல்லாத எக்ஸோஸ்ற் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். 40,000 கி.மீ.க்கு ஒரு முறை அளந்து, தேவையான தடிப்பில் ஷிம் தகடு மாற்றுங்கள்.

ஒயில் 15டபிள்யூ-40 டீசல் ஒயில், 5,000 கி.மீ.க்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் ஃபில்ரரோடு. மாற்றி இரண்டு நாளில் கறுத்துவிடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம், இந்த வகை எஞ்சினில் கரி ஒயிலில் சேருவது இயல்பு. விலையுயர்ந்த ஒயிலைப் போட்டு 15,000 வரை இழுப்பதைவிட நடுத்தர ஒயிலை நேரத்துக்கு மாற்றுவது நல்லது. காற்று ஃபில்ரரின் விஷயம் இதைவிடப் பெரிது. செம்மண் தூசி ஒரு கரண்டி உள்ளே போனால் ரிங்கும் சிலிண்டரும் அரைபடும். ஃபில்ரர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். 30 வருட ரப்பரில் வெடிப்பு இல்லாமல் இராது. குழாயின் உட்சுவரில் விரலால் தடவினால் தூசி ஒட்டக்கூடாது.

டீசல் பம்ப் டீசலாலேயே மசகிடப்படுகிறது. மண்ணெண்ணெய் கலந்த டீசலில் அந்த மசகு இல்லை, பம்ப் உள்ளே தேயும். விலை குறைவு என்று கானில் வாங்கி ஊற்றாதீர்கள். ஃபில்ரருக்குக் கீழே தண்ணீர் தேங்கும் பகுதி இருக்கிறது, விளக்கு எரியும்வரை காத்திராமல் மாதம் ஒரு முறை அடியிலுள்ள திருகைத் தளர்த்தி வடியுங்கள். 100,000 கி.மீ.க்கு ஒரு முறை டீசலைத் தூவும் நான்கு நொசில்களையும் கழற்றிச் சோதனைக் கருவியில் பார்க்க வேண்டும். துளித்துளியாக ஒழுகும் நொசில் பிஸ்டன் தலையை எரித்துவிடும். குளோ பிளக் (ஸ்ரார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் முனை) வாங்கும்போது பழையதில் பொறித்திருக்கும் வோல்ற் அளவையே கேட்டு வாங்குங்கள். அளவு மாறிப் போட்டால் முனை உடைந்து உள்ளே விழலாம்.

பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் பொதுவான ஒரு பொருளும் உண்டு: ஒல்ரனேற்றருக்குப் பின்னால் பூட்டியிருக்கும் வெற்றிடப் பம்ப். பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சும் சக்தி அதிலிருந்துதான் வருகிறது, அதற்கு ஒயில் எஞ்சினிலிருந்து போகிறது. அதன் சீல் கசிந்தால் ஒயில் ஒல்ரனேற்றருக்குள் இறங்கி பிரஷ்களைக் கெடுக்கும். பற்றரி சார்ஜ் ஆகவில்லை என்று ஒல்ரனேற்றரை மட்டும் மாற்றினால் புதியதும் போகும். பிரேக் மிதி கல்லாக இறுகினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

முன் அச்சு உங்களுடையதில் முழு அச்சு. சக்கரத்துக்குப் பின்னாலுள்ள பெரிய உருண்டையைச் சுற்றிப் பழுப்புக் குழம்பு வடிந்தால், உள் சீல் போய் டிஃப் (அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) ஒயில் வந்து கிரீஸைக் கரைக்கிறது என்று பொருள். துடைத்துவிட்டு ஓடினால் உள்ளே இருக்கும் மூட்டு தேய்ந்து, வளைவில் கடகடவென்று சத்தம் போடும். சீல் கிற் போடும்போது மேல் கீழ் பெயாரிங்கையும் மாற்றி, ஷிம் வைத்து இறுக்கம் சரிசெய்யச் சொல்லுங்கள், 60 கி.மீ. வேகத்தில் ஸ்ரியரிங் உதறுவதற்கு அடிக்கடி இதுவே காரணம். சீல் மறுபடி மறுபடி கசிந்தால் அச்சின் மேலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புரொப்பெல்லர் தண்டின் கிரீஸ் நிப்பிள்களுக்கு ஒவ்வொரு ஒயில் மாற்றத்தோடும் கிரீஸ் அடியுங்கள், ஆனால் சறுக்கும் பகுதிக்கு இரண்டு மூன்று அழுத்தல் போதும். நிறைய அடைத்தால் தண்டு நீண்டு கியர்பெட்டிச் சீலைத் தள்ளும். டிஃப் இரண்டுக்கும் ஜி.எல்.-5 ஒயில், 40,000 கி.மீ.க்கு ஒரு முறை.

சாமான் வாங்குவதில்: பெல்ட், தெர்மோஸ்ராற், ஒயில் சீல்கள், ஹெட் கஸ்கெட் இவை அசலாக இருக்க வேண்டும், போலிப் பெட்டிகள் நிறைய உண்டு. கதவு, விளக்கு, கியர்பெட்டி, ஸ்ரியரிங் பெட்டி போன்றவை ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சாமானாக இருந்தாலே போதும். தரமில்லாத புதியதைவிட அவை நன்றாக இருக்கும்.

இதற்கெல்லாம் முன்பு, இந்த மாதமே ஒரு கொம்பிரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று அளக்கும் சோதனை, செய்துவிடுங்கள். எஞ்சின் சூடாக, காற்று ஃபில்ரர் கழற்றி, பற்றரி முழுச் சார்ஜில், குளோ பிளக் துளை வழியாக. நல்ல எஞ்சினில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ அளவில் வரும். 20க்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்கிடையே 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, வால்வு இடைவெளியைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் ஏறவில்லையென்றால் பெல்ட், நொசில் என்று மேலே செலவழிக்காமல் எஞ்சினைப் பிரிப்பதா, வேறு எஞ்சின் தேடுவதா என்று முடிவெடுங்கள். நான்கும் 26க்கு மேலே ஒரே சீராக இருந்தால் எஞ்சினைத் தொட வேண்டாம். அந்தப் பணத்தில் ரேடியேற்றர், பெல்ட் கிற், செசிக்குத் துருத்தடுப்பு மூன்றையும் முடித்துவிடலாம்.