தெர்மோஸ்டாட் திரை அணைவது கருவியின் குறையன்று

வணக்கம். ஆர் (மின்சாரம்), டபிள்யூ (சூடாக்கல்), ஒய் (குளிர்வித்தல்), ஜி (விசிறி) என நான்கு கம்பிகளையும் பழையபடியே மாட்டியும், வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் புதிய வைஃபை தெர்மோஸ்டாட்டின் திரை இரண்டு நாளில் அணைந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் இல்லாதது சி கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் பொதுக் கம்பி (common). பழைய கருவி பேட்டரியில் ஓடியது. புதியதற்கு எந்நேரமும் 24 வோல்ட் மின்சாரம் வேண்டும். அந்தச் சுற்றை முழுமையாக்குவது சி.

முதலில் ஃபர்னஸின், அதாவது வீட்டைச் சூடாக்கும் கருவியின், பிரேக்கரை அணையுங்கள். இதில் அவசரமே கூடாது: மின்சாரம் இருக்கும்போது ஆர் கம்பி சி கம்பியில் உரசினால் ஃபர்னஸின் கட்டுப்பாட்டுப் பலகையிலுள்ள சிறிய ஃபியூஸ் எரிந்துவிடும், இந்தப் பனியில் வீடு குளிர்ந்துபோகும். பிறகு சுவருக்குள் பாருங்கள். பல வீடுகளில் ஐந்தாவது கம்பி ஒன்று, பெரும்பாலும் நீல நிறத்தில், பயன்படாமல் சுருண்டு கிடக்கும். அதன் ஒரு முனையைத் தெர்மோஸ்டாட்டின் சி இடத்திலும், மறுமுனையை ஃபர்னஸ் பலகையின் சி இடத்திலும் மாட்டுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், பலகையில் அச்சிட்ட எழுத்தையே நம்புங்கள்.

கம்பி இல்லையென்றால் 24 வோல்ட் அடாப்டர் வாங்கலாம்.

தெர்மோஸ்டாட்டின் அமைப்புகளில் ஹீட் பம்ப் (வேறு வகைச் சூடாக்கும் கருவி) என்று தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால் மாற்றிவிடுங்கள். உங்களுடையது கேஸ் ஃபர்னஸ்.