மே மாதம் கேம்பிரிட்ஜ் போகிறோம், பேராசிரியரைப் பார்க்கப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகள் சிபிஎஸ்இ பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு முடிக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி. கேம்பிரிட்ஜில் இராமானுஜன் இருந்த ட்ரினிட்டி கல்லூரியில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மே விடுமுறையில் லண்டனில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போகிறோம். அப்போது கேம்பிரிட்ஜையும் காட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். இங்கே ஒரு கன்சல்டன்சியில் 'கேம்பஸ் விசிட், பேராசிரியர் சந்திப்பு' என்று ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். நேரில் போய் வந்தால் விண்ணப்பத்துக்கு வெயிட்டேஜ் உண்டு என்கிறார்கள். கட்டலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

நேரில் வந்து பார்த்தவர் யார், பார்க்காதவர் யார் என்று கேம்பிரிட்ஜ் கணக்கு வைப்பதில்லை. விண்ணப்பத்தில் அதைக் குறிக்க ஒரு கட்டம்கூடக் கிடையாது. மதிப்பெண், நுழைவுத் தேர்வு, நேர்காணல் இவற்றைப் பார்த்துக் கல்லூரி ஆசிரியர்கள் முடிவு செய்கிறார்கள். அவர்களில் எவரும் ஒரு மாணவியைத் தனியாகச் சந்தித்து "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லப் போவதில்லை. காசுக்கு ஏற்பாடாகும் அந்தப் 'பேராசிரியர்', நான் பார்த்த வரை, அங்கே ஆராய்ச்சி செய்யும் மாணவராகவோ எப்போதோ படித்துவிட்டுப் போனவராகவோதான் இருப்பார். ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் அவரே சும்மா பேசுவார்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் ஏஜென்ட் வைத்து, ஆள் சேர்த்தால் கமிஷன் தருகின்றன. கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்ஃபோர்டும் அப்படிச் செய்வதில்லை. எனவே உங்கள் கன்சல்டன்சிக்கு அங்கிருந்து ஒரு பைசா வராது, எல்லாம் உங்களிடம்தான் வசூலாக வேண்டும். அதோடு நிற்பதும் இல்லை. "கேம்பிரிட்ஜ் கொஞ்சம் கஷ்டம்மா, அதே தரத்தில் இன்னொன்று இருக்கிறது" என்று கமிஷன் தரும் இடத்தின் பக்கம் மெதுவாகத் திருப்பிவிடுவார்கள். அடுத்து 'கேம்பிரிட்ஜ் சம்மர் ஸ்கூல்' என்று ஒரு பிரசுரம் வரும். விடுமுறையில் கல்லூரி அறைகளைத் தனியார் நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்து நடத்துவது அது. பிள்ளை கல்லூரி விடுதியில் தூங்கும், கல்லூரி மெஸ்ஸில் சாப்பிடும், சான்றிதழும் வாங்கும். அந்தச் சான்றிதழால் இடம் கிடைக்காது. ஊர் சுற்றிப் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்றால் அனுப்புங்கள், அட்மிஷனுக்கு என்று அனுப்பாதீர்கள்.

சரி, மே மாதப் பயணத்துக்கு வருவோம். கன்சல்டன்சிக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்: கேம்பிரிட்ஜைப் பார்க்க மே மாதம் மோசமான நேரம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை அங்கே ஈஸ்டர் பருவம், அதாவது தேர்வுக் காலம். பல கல்லூரிகள் வெளியாட்களை அடியோடு நிறுத்திவிடும், சில கல்லூரிகள் ஒரு பகுதியை மட்டும் திறந்து வைக்கும். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் வந்து பார்க்கப் பல்கலைக்கழகம் வைக்கும் ஓப்பன் டே நடப்பது ஜூலைத் தொடக்கத்தில், பிறகு செப்டம்பரில். இலவசம்தான், ஆனால் முன்பதிவு செய்ய வேண்டும். 31 கல்லூரிகளுக்கும் 31 இணையதளம், 31 விதமான திறப்பு நேரம். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் போட எண்ணூறு ஆண்டு ஆகியும் இவர்களுக்கு மனம் வரவில்லை.

ஜூலைக்காகப் பயணத்தைத் தள்ளிப் போடச் சொல்ல மாட்டேன், பன்னிரண்டாம் வகுப்பு நடக்கும்போது பள்ளியை விட்டுப் போவது நல்லதல்ல. மே மாதமே போங்கள். போவதற்கு முன் ட்ரினிட்டியின் அட்மிஷன் அலுவலகத்துக்கு உங்கள் மகளே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும்: விண்ணப்பிக்க இருக்கிறேன், இன்ன தேதியில் வருகிறேன், உள்ளே பார்க்க முடியுமா என்று. நீங்கள் எழுத வேண்டாம். மற்றக் கல்லூரிகளில் வாசலில் இருக்கும் போர்ட்டர்ஸ் லாட்ஜில், அதாவது வாயில்காவலர் அறையில், இதையே கேட்கலாம். டூரிஸ்டை அனுப்பிவிட்டு, விண்ணப்பிக்க வந்த பிள்ளையை உள்ளே விடும் போர்ட்டர்கள் உண்டு. தேர்வுக் காலத்தில் அவர்களும் கை விரிக்கலாம், வாதாடாதீர்கள்.

கதவு சாத்தியிருக்கும் அந்தப் பருவத்திலும் ஒரு வழி திறந்திருக்கும். கல்லூரிக்குள் இருக்கும் தேவாலயங்களில், அதாவது சேப்பல்களில், மாலையில் ஈவன்சாங் என்ற பாட்டு வழிபாடு நடக்கும். பொதுவாக யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் இல்லை. பகலில் டிக்கெட் வாங்கி நுழைய வேண்டிய கிங்ஸ் கல்லூரி சேப்பலில்கூட வழிபாட்டுக்குப் போகிறவரிடம் காசு வாங்குவதில்லை. கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை, சேர்ந்து பாட வேண்டியதில்லை. மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். போனை அணைத்துவிடுங்கள், படம் எடுக்காதீர்கள், நடுவில் எழுந்து வராதீர்கள். பருவம் நடக்கும் வாரங்களில்தான் கல்லூரிப் பாடகர் குழு பாடும், எல்லா நாளும் இருக்காது. அன்றைய நேரத்தைக் கல்லூரி இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சற்று முன்பே போய் வரிசையில் நில்லுங்கள். ஒன்றரை லட்சத்தில் கிடைக்கும் 'கேம்பஸ் விசிட்'டைவிட இதில் அந்த இடத்தின் வாழ்க்கை அதிகம் தெரியும்.

ட்ரினிட்டியின் ரென் நூலகம் திறந்திருந்தால் விடாதீர்கள். இராமானுஜனின் 'தொலைந்த நோட்டுப்புத்தகம்' 1976இல் அங்கிருந்த தாள்களுக்குள்தான் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டது. அதைக் காட்சிக்கு வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள். கணிதத் துறையின் கட்டடம் பழைய ஊருக்குள் இல்லை, மேற்கே வில்பர்ஃபோர்ஸ் சாலையில் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் காட்ட உங்கள் தம்பியே போதும். கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ட்ரினிட்டிதான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால் பிடிக்கட்டும். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் கணிதப் பட்டம் ஒன்றே. ஒரு கல்லூரியில் இடம் போதாமல் நிற்கும் நல்ல மாணவர்களை மற்றக் கல்லூரிகள் எடுத்துக்கொள்ள 'பூல்' என்ற ஏற்பாடும் இருக்கிறது.

உண்மையான கவலை தேதிகளில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பிலேயே, அக்டோபர் 15 வாக்கில், யூகாஸ் (பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) விண்ணப்பம் போய்விட வேண்டும். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு இரண்டுக்கும் ஒரே ஆண்டில் போட முடியாது. யூகாஸ் அனுப்பியதும் கேம்பிரிட்ஜ் தனியாக இன்னொரு படிவம் கேட்கும், ஒரு வாரம்தான் அவகாசம். நுழைவுத் தேர்வு உண்டென்றால் அதற்கும் நீங்களே தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அந்தக் கடைசித் தேதி இன்னும் முன்பே வரும். எந்தப் பாடத்துக்கு எந்தத் தேர்வு என்பதை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், எனவே பல்கலைக்கழகத்தின் பாடப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர் பரிந்துரையும், எதிர்பார்க்கும் மதிப்பெண்ணும் தர வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகளில் பலருக்கு யூகாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஜூனில் பள்ளி திறந்ததும் கணக்கு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். விண்ணப்பத்தில் மாணவி எழுத வேண்டிய பதில்களைக் கன்சல்டன்சியிடம் கொடுத்து எழுதி வாங்காதீர்கள். ஒரே சரக்கைப் பத்துப் பேருக்கு விற்பார்கள், யூகாஸ் மென்பொருள் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கணிதத்துக்கு இடம் தரும்போது கேம்பிரிட்ஜ் பெரும்பாலும் ஸ்டெப் என்ற தேர்வையும் நிபந்தனையாக வைக்கும். அதன் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசம், பயிற்சிப் பாடங்களும் இலவசம். தம்பி வீட்டில் இருக்கும்போது ஒரு தாளைப் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு மணி நேரம் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டுவது பிடித்திருந்தால், இது அவளுக்கான இடம்தான்.

தம்பி பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் உள்ளூர்க் கட்டணம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாமா முகவரி எதற்கும் உதவாது, மாணவியே அங்கே ஆண்டுக்கணக்கில் குடியிருந்திருக்க வேண்டும். உள்ளூர் மாணவருக்கு 2025-26இல் ஆண்டுக்கு 9,535 பவுண்ட். உங்கள் மகளுக்கு அதுபோல ஏறக்குறைய மூன்று மடங்கோ அதற்கு மேலோ ஆகும். அதன்மேல் கல்லூரிக் கட்டணம் தனி, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கேட்ஸ் கேம்பிரிட்ஜ் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம் என்று கன்சல்டன்சிக்காரர் சொன்னால், அது பட்டமேற்படிப்புக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.