காணாமல் போன பட்டன்கள்: பயர்பாக்ஸ் அப்டேட் கேள்வி பதில்

பயர்பாக்ஸ் அப்டேட் ஆனதும் ‘அது எங்கே, இது எங்கே’ என்று கேட்டவர்களுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். 2005 முதல் எனக்கு இதே பிரவுசர்தான், அதனால் திட்டும் உரிமையும் எனக்கு உண்டு. காணவில்லை என்று நாம் பதறுவதில் பெரும்பாலானவை இடம் மாறியிருக்கும், அல்லது ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். நிஜமாகவே பிடுங்கி எறியப்பட்டவை கொஞ்சம்தான். எது எந்த ரகம் என்று முதலில் பார்த்துவிடுங்கள். நான் தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

சார், நேற்று அப்டேட் ஆனதும் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் போய்விட்டது. எட்டு வருடச் சேமிப்பு. அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, வேண்டாம். எதையும் அழிக்காதீர்கள். உங்கள் சேமிப்பு அந்தக் கணினியில்தான் இருக்க வேண்டும். பிரவுசர் வேறு பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பயர்பாக்ஸ் உங்கள் விஷயங்களைப் புரொஃபைல் என்ற தனி ஃபோல்டரில் வைக்கிறது. நிரலை அழித்தாலும் போட்டாலும் அது வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும். 2019 மே மாதம் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, ஒரே கணினியில் இரண்டு இடங்களில் பயர்பாக்ஸ் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் புரொஃபைல். நீங்களோ வேறு யாரோ மறுபடி இன்ஸ்டால் செய்தபோது வேறு ஃபோல்டருக்குள் போயிருந்தால், புதிய காலிப் புரொஃபைலோடு திறக்கும். பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

முகவரிப் பட்டையில் அபவுட்:புரொஃபைல்ஸ் என்று அடியுங்கள். இரண்டு மூன்று பெயர்கள் வரும். ஒவ்வொன்றின் கீழும் அதைப் புதிய பிரவுசரில் திறக்க ஒரு பட்டன் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். உங்கள் புக்மார்க்குகள் தெரிகிற புரொஃபைல் கிடைத்ததும், அதையே இயல்பானதாக ஆக்கும் பட்டனை அழுத்துங்கள்.

அங்கேயும் இல்லையென்றால் டெஸ்க்டாப்பில் ‘ஓல்ட் பயர்பாக்ஸ் டேட்டா’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். யாராவது ‘ரிஃப்ரெஷ்’ கொடுத்திருந்தால் பழைய புரொஃபைல் அதற்குள் இருக்கும். அதிலிருந்து பாஸ்வேர்டுகளை எடுப்பதானால் லாகின்ஸ், கீ4 என்ற இரண்டு கோப்புகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்று பூட்டிய பெட்டி, மற்றது சாவி.

புக்மார்க் மட்டும் போதும் என்றால் வழி இன்னும் சுலபம். பயர்பாக்ஸ் தானாகவே 15 பழைய பிரதிகள் வரை வைத்திருக்கும். புக்மார்க் மேலாளரில் ‘ரீஸ்டோர்’ என்பதற்குள் தேதிவாரியாகக் காட்டும். ஆனால் கவனம்: ஒரு பிரதியை மீட்டால் இப்போது இருப்பவை அழிந்து அது உட்காரும். நேற்றைக்குப் பிறகு ஏதாவது சேர்த்திருந்தால் அதை முதலில் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

அண்ணா, ஃபைல், எடிட் என்று மேலே ஒரு வரிசை இருக்குமே? அப்பா தினமும் போன் போட்டுக் கேட்கிறார்.

ஆல்ட் விசையை ஒருமுறை தட்டச் சொல்லுங்கள், எட்டிப் பார்க்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் டேப் வரிசையில் காலி இடத்தில் வலது கிளிக் செய்து மெனு பாரை டிக் செய்யச் சொல்லுங்கள். போனில் சொல்லும்போது ‘வலது பக்க பட்டன்’ என்று சொல்லாமல் ‘மவுஸில் வலது பக்கம்’ என்று சொல்லுங்கள். இல்லையென்றால் திரையின் வலது ஓரத்தில் அரை மணி நேரம் தேடிக்கொண்டிருப்பார்.

டேப்களும் பட்டைகளும் தடிமனாகிவிட்டன. என் 14 அங்குல லேப்டாப்பில் பக்கம் தெரிவதே கொஞ்சம்தான். காம்பேக்ட் என்று ஒரு வசதி இருந்ததே?

2021 ஜூனில் 89ஆம் பதிப்போடு வந்த புரோட்டான் வடிவமைப்பின் வேலை அது. டேப்பைப் பட்டையிலிருந்து கழற்றி மிதக்கவிட்டார்கள், சுற்றி இடைவெளி கொடுத்தார்கள், காம்பேக்ட்டை மெனுவிலிருந்து ஒளித்தார்கள். எடுக்கவில்லை, ஒளித்தார்கள்.

முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் என்று அடித்து உள் அமைப்புகளின் பக்கத்துக்குப் போய், எச்சரிக்கையை ஏற்று, தேடல் பெட்டியில் காம்பேக்ட், மோட் இரண்டையும் ஒட்டி அடியுங்கள். வரும் வரியை ட்ரூ என்று மாற்றுங்கள். பிறகு டூல்பாரைத் தனிப்பயனாக்கும் பக்கத்தின் அடியில் டென்சிட்டி என்ற இடத்தில் காம்பேக்ட் மறுபடி தெரியும். பக்கத்திலேயே ‘ஆதரவு இல்லை’ என்று ஒரு குறிப்பும் போட்டிருப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, நான் அப்போதிலிருந்து அதில்தான் ஓட்டுகிறேன்.

எனக்கு இதில் கோபம் உண்டு. சின்னத் திரைக்காரர்கள்தான் இதை அதிகம் தேடுவார்கள், அவர்களுக்குத்தான் இது எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டது.

அதே கான்ஃபிக்கில் பேக்ஸ்பேஸ் விசையையும் திருப்பிக் கொண்டுவர முடியுமா? முன்பெல்லாம் அதைத் தட்டினால் முந்தைய பக்கத்துக்குப் போகும்.

முடியும். பேக்ஸ்பேஸ் என்று தேடினால் வரும் வரியில் 2 இருக்கும், 0 ஆக்குங்கள். 2021 மார்ச்சில் 87ஆம் பதிப்பில் எடுத்தார்கள். குரோம் அதற்கு ஐந்து வருடம் முன்பே எடுத்துவிட்டது. இதில் நான் அவர்கள் பக்கம்: நீளமான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது கர்சர் பெட்டிக்கு வெளியே இருப்பது தெரியாமல் ஒரு தட்டுத் தட்டி, எழுதியதெல்லாம் பறிபோன அனுபவம் எனக்கு உண்டு. ஆல்ட்டோடு இடது அம்புக்குறி பழகிவிட்டால் போதும்.

என் பழைய நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) எல்லாம் 2017இல் ஒரே நாளில் செத்தன. தமிழில் தட்டச்சு செய்ய வைத்திருந்ததும் அதில் போயிற்று. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

2017 நவம்பர் 14, பதிப்பு 57, பெயர் குவாண்டம். பழைய பயர்பாக்ஸ்காரர்களுக்கு மறக்காத தேதி.

பழைய வகை நீட்சிகளுக்குப் பிரவுசரின் அடுப்படி வரை அனுமதி இருந்தது. எந்தப் பட்டனையும் நகர்த்தலாம், எந்த உள் உறுப்பையும் மாற்றி எழுதலாம். அவை அவ்வளவு அற்புதமாக இருந்ததற்கு அதுதான் காரணம்; போனதற்கும் அதுதான் காரணம். வீட்டுக்காரர் ஒரு சுவரை இடிக்க நினைத்தால், அந்தச் சுவரில் ஆணி அடித்திருந்த ஆயிரம் நீட்சிகள் விழும். ஒவ்வொரு டேப்பையும் தனித்தனி இயக்கமாகப் பிரித்தால்தான் வேகமும் பாதுகாப்பும் வரும் என்ற நிலையில், அந்த ஆணிகள் பெரிய தடையாக நின்றன. பதிலாக வந்த வெப் எக்ஸ்டென்ஷன் முறையில் நீட்சிக்குக் கூடம் வரைதான் அனுமதி, அதுவும் கேட்டுவிட்டு.

சில திரும்பின. மொத்தமாகத் தரவிறக்கும் டவுன்தெமால் 2019இல் புதிய முறையில் மறுபிறவி எடுத்தது. தமிழ்த் தட்டச்சுக்கு இப்போது நீட்சியே தேவையில்லை. விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது, எல்லாச் செயலிகளிலும் வேலை செய்யும். பட்டைகளை இஷ்டத்துக்கு வளைக்கும் நீட்சிகள் மட்டும் திரும்ப வழியில்லை. அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பட்டைகளை வளைப்பதற்கு யூசர்குரோம் என்று ஒரு கோப்பு எழுதலாம் என்கிறார்களே? எழுதினேன், ஒன்றுமே நடக்கவில்லை.

இரண்டு காரணங்கள்தான் எனக்குத் தெரியும். 2019 செப்டம்பரின் 69ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பைப் படிப்பதையே இயல்பாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். கான்ஃபிக்கில் லெகஸி, யூசர், புரொஃபைல் மூன்றையும் ஒட்டித் தேடினால் வரும் வரியை ட்ரூ ஆக்கி, பிரவுசரை மூடித் திறக்க வேண்டும்.

இரண்டாவது, நான் ஒரு சாயங்காலம் முழுக்கத் தொலைத்த இடம். புரொஃபைல் ஃபோல்டருக்குள் குரோம் என்ற பெயரில் ஃபோல்டர், அதற்குள் கோப்பு, எல்லாம் சரி. நிறத்தை மாற்றினேன், எழுத்தை மாற்றினேன், ஊஹூம். நோட்பேட் அந்தக் கோப்பின் வாலில் சத்தமில்லாமல் டிஎக்ஸ்டி என்று சேர்த்திருந்தது. விண்டோஸ் அந்த வாலை இயல்பாக மறைத்துவிடும், கண்ணுக்குப் பெயர் சரியாகவே தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் கோப்பு வால்களைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு பெரிய அப்டேட்டிலும் அந்தக் கோப்பு கொஞ்சம் உடையும். அதைத் தைத்துக்கொண்டிருக்கப் பொறுமை இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்திவைத்திருந்தேன். 2025 மார்ச்சில் ஒருநாள் எல்லா நீட்சிகளும் தானாக முடங்கின. இது பழிவாங்கலா?

இல்லை, காலாவதி. நீட்சிகள் ஒழுங்கானவையா என்று சரிபார்க்கப் பயர்பாக்ஸுக்குள் ஒரு மூலச் சான்றிதழ் இருக்கிறது. பழையது 2025 மார்ச் 14 அன்று காலாவதியானது. 128ஆம் பதிப்புக்கும், நீண்டகால ஆதரவுப் பதிப்பில் 115.13க்கும் முந்தையவற்றில் புதிய சான்றிதழ் இல்லை. அதனால் நீட்சிகளை நம்ப மறுத்தது. அப்டேட் செய்தால் சரியாகிவிடும்.

இதில் பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவுக்கு ஒரு பழைய சூடு உண்டு. 2019 மே 4 அன்று ஓர் இடைநிலைச் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்து, உலகம் முழுக்கப் பலருடைய நீட்சிகள் அடுத்தடுத்து அணைந்தன. மறுநாள் 66.0.4 வந்த பிறகுதான் பலருக்கு உயிர் வந்தது. 2025இல் முன்கூட்டியே எச்சரித்தார்கள், ஆனால் அப்டேட்டை நிறுத்திவைத்தவர்களின் காதில் அது விழவில்லை.

அப்படியானால் பழைய பதிப்புக்கே இறங்க வழியில்லையா?

இறங்கினால் பழைய பதிப்பு உங்கள் புரொஃபைலைத் திறக்க மறுக்கும். 67இலிருந்து அப்படித்தான். புதிய பதிப்பு எழுதியதைப் பழையது படித்தால் கெட்டுப்போகலாம் என்று அந்தப் பூட்டு. உடைக்க வழி இருக்கிறது, நான் சொல்ல மாட்டேன். பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாத பிரவுசரில் வங்கிக் கணக்கைத் திறக்கும் பாவம் எனக்கு வேண்டாம்.

மாதாமாதம் முகம் மாறுவது பிடிக்கவில்லையென்றால் இஎஸ்ஆர் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வரும், வசதி மாற்றங்கள் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறைதான். அலுவலகங்களுக்காக உண்டாக்கியது, வீட்டிலும் தாராளமாகப் போடலாம். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களும் கேட்டிருக்கிறீர்கள்: உங்களுக்குக் கடைசி எண் 115, அது 2023 ஜூலையில் வந்தது. குரோமோ அதே வருடம் ஜனவரியில் வந்த 109ஓடு கைகழுவிவிட்டது.

நான் குரோம்காரி, அண்ணா. விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் போய்விட்டது. எனக்கும் பதில் சொல்வீர்களா?

சொல்கிறேன், தங்கையே. இது ஒளித்தது இல்லை, எடுத்தது. முன்பு ஒரு பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோப்பையும் நீட்சி நிறுத்திப் பார்த்து, விடலாமா கூடாதா என்று தானே முடிவெடுக்கும். மேனிஃபெஸ்ட் 3 என்ற புதிய விதியில், நீட்சி ஒரு பட்டியலைக் குரோமிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். 2024 ஜூனில் பழைய வகையை அணைக்கத் தொடங்கி, 2025இல் முடித்துவிட்டார்கள். யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சின்னத் தம்பி குரோமில் கிடைக்கிறது, பெரும்பாலான விளம்பரங்களுக்குப் போதும். முழு ஆள்தான் வேண்டுமென்றால் பயர்பாக்ஸ் இன்னும் பழைய முறையையும் ஏற்கிறது. வாருங்கள், இடம் இருக்கிறது.

பழைய தமிழ்ப் பக்கம் ஒன்று முழுக்கக் கோணல் எழுத்தாகத் தெரிகிறது. முன்பு மெனுவில் குறியாக்கத்தை மாற்றலாமே, அந்தப் பட்டியல் எங்கே?

2021 ஆகஸ்டில், 91இல், அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு ‘எழுத்துக் குறியாக்கத்தைச் சரிசெய்’ என்ற ஒற்றைப் பட்டனாக்கினார்கள். அது தானே ஊகித்துக்கொள்ளும். ஆனால் உங்கள் பக்கம் அநேகமாக டிஸ்கி, பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் எழுதியது. அங்கே ஊகம் பலிக்காது, ஏனென்றால் அவை அந்தந்த எழுத்துரு இருந்தால் மட்டுமே தமிழ். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் யூனிகோடுக்கு மாறுமுன் டிஸ்கியில் நூல்களைத் தந்தது. உங்கள் பக்கமும் அந்தக் காலத்ததாக இருக்கும். கோணல் எழுத்தை அப்படியே நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றிப் படியுங்கள். இதில் பிரவுசர் மேல் குற்றமில்லை.

எடுத்த வசதியைக் கேட்டால் திருப்பித் தருவார்களா? கேட்டுப் பயன் உண்டா?

டேப் குழுக்களைப் பாருங்கள். 2011இல் பதிப்பு 4இல் பனோரமா என்ற பெயரில் வந்தது. பயன்படுத்துபவர்கள் குறைவு என்று 2016 மார்ச்சில் 45இல் எடுத்தார்கள். அப்புறம் மற்ற பிரவுசர்களில் எல்லாம் அது வந்தது. மொசில்லா கனெக்ட் என்ற கருத்துத் தளத்தில் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் 138இல் திரும்பி வந்தது. ஒன்பது வருடம். ஓரத்தில் மேலிருந்து கீழாக அடுக்கும் டேப்கள் அதற்கு முந்தைய மாதம் 136இல் வந்தன. அதனால் கேளுங்கள், ஆனால் அதுவரை வேறு வழியும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரம்! இப்போதுதான் அப்டேட் ஆகி மறுபடி திறந்தது. எழுபது டேப் இருந்தது, ஒன்றும் இல்லை. ஆய்வுக் கட்டுரைக்கான தேடல் எல்லாம் அதில்தான்.

முதலில், பிரவுசரை மூடித் திறந்து மூடித் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பழையதன் மேல் புதியது எழுதப்படும். வரலாறு மெனுவில் ‘முந்தைய அமர்வை மீட்டெடு’ என்பது அழுத்தும்படி இருக்கிறதா? இருந்தால் அதோடு முடிந்தது.

மங்கலாக இருந்தால் அபவுட்:சப்போர்ட் போய்ப் புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்துவைத்துக்கொண்டு பயர்பாக்ஸை மூடுங்கள். உள்ளே செஷன்ஸ்டோர் பேக்கப்ஸ் என்ற ஃபோல்டர். அதை முதலில் டெஸ்க்டாப்புக்கு முழுசாக நகலெடுங்கள். அதில் அப்கிரேட் என்று தொடங்கி, வாலில் தேதி போல நீளமான எண்ணோடு ஒரு கோப்பு இருக்கும். அப்டேட்டுக்கு முந்தைய அமர்வைப் பயர்பாக்ஸே எடுத்துவைத்த பிரதி அது. அதை ஒரு படி மேலே, புரொஃபைல் ஃபோல்டருக்குள் நகலெடுத்து, பெயரில் அப்கிரேட் என்பதைச் செஷன்ஸ்டோர் என்று மாற்றி, எண்ணையும் அதற்கு முன்னால் உள்ள கோட்டையும் நீக்குங்கள். பெயர் ஜேசான்எல்இசட்4 என்று முடிய வேண்டும். அதே பெயரில் ஏற்கனவே ஒன்று இருந்தால் அதை வேறு பெயரில் ஒதுக்கிவையுங்கள். இப்போது திறங்கள்.

எழுபதும் வந்ததா என்று எண்ணிச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.