பொம்மைப் பெட்டி: வாசகர் கேள்வியும் ஒரு தையற்காரியின் பதிலும்

பேஷன் பொம்மைகளுக்கு உடை தைப்பதும் பழசாகிப் போனவற்றைச் சீர்செய்து கொடுப்பதும்தான் என் வேலை. அது சம்பந்தமாக என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகளின் பதினொன்றரை அங்குலப் பொம்மைக்கு, ரவிக்கை தைத்து மிஞ்சிய காஞ்சிப் பட்டில் பாவாடை தைத்தேன். அளவெல்லாம் சரி. ஆனால் பாவாடை தழையாமல் விறைத்து நிற்கிறது. எங்கே தப்பு?
– இல்லத்தரசி, சேலம்

உங்கள் தையலில் தப்பே இல்லை. துணிதான் காரணம். பொம்மையை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டார்கள், நூலை யாராலும் அப்படிச் சுருக்க முடியாது. அரை மி.மீ. கனமுள்ள பட்டை அந்தப் பொம்மைக்குக் கட்டினால், நாம் 3 மி.மீ. கனத்துக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமம். துணி அழகாகத் தழைவது அதன் சொந்த எடையால்தான். நம் பாவாடையில் இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு மீட்டர் துணி கீழே இழுக்கிறது. பொம்மைப் பாவாடையிலோ ஒரு சாண்கூட இல்லை. விறைப்பை வெல்ல அந்த எடை போதாது.

பொம்மை வடிவமைப்பில் என்னை இன்றுவரை கட்டிப்போட்டிருப்பது இந்தச் சிக்கல்தான். உடம்பை முதலில் செய்துவிட்டு அதற்கு உடை தேடுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நல்ல பேஷன் பொம்மையில் அது தலைகீழ். உடை சரியாக உட்கார என்ன உடம்பு வேண்டும் என்று பார்த்துத்தான் உடம்பையே செதுக்குகிறார்கள். பார்பியின் இடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அநியாயத்துக்கு ஒல்லி என்று அந்த இடுப்பு காலங்காலமாகத் திட்டு வாங்குகிறது. திட்டில் நியாயம் இருக்கிறது, குழந்தைகள் பார்த்து வளரும் உடம்பு அது. 2016-ல் பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனமே உயரம், குள்ளம், பூசினாற்போல் என்று வேறு உடம்புகளையும் கொண்டுவந்தது. ஆனால் ஊசி பிடிக்கிறவருக்கு இன்னொரு கணக்கும் தெரியும். இடுப்புப் பட்டியில் மடித்த துணி, லைனிங், உள்ளே செருகிய சட்டை, பிரஸ் பட்டன் என்று நாலைந்து அடுக்கு வந்துவிடும். நிஜப் பெண்ணின் இடுப்பை அப்படியே ஆறில் ஒன்றாக்கி அதன்மேல் இத்தனையையும் ஏற்றினால் உடுத்திய பிறகு இடுப்பே காணாமல் போய்விடும்.

முதல் பார்பிக்கு உடை வடிவமைத்த ஷார்லட் ஜான்சனுக்கும் இதே தலைவலிதான். 1959-ல் பொம்மை கடைக்கு வருவதற்கு முன்பே அவர் ஜப்பானில் போய்த் தங்கி, பொடிப்பொடியாகப் பூப்போட்ட துணி, குட்டி ஜிப், குட்டிப் பொத்தான் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். அங்குள்ள பெண்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே அந்த உடைகளைத் தைத்துக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் பார்பி சட்டை ஒன்றைக் கையில் எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். லைனிங் உண்டு, உடம்பின் வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் டார்ட் உண்டு, பிசிறு ஒன்றுகூட வெளியே தெரியாது. இப்படி ஒரு தையலை மனிதர்களுக்கான ஆயத்த ஆடைகளிலேயே நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பட்டை எடுத்து வைத்துவிட்டு மல் துணியோ பழைய ஷிஃபான் துப்பட்டாவோ எடுங்கள். பாவாடையைவிடச் சேலை நன்றாக அமையும். ஐந்தரை மீட்டர் சேலையை ஆறால் வகுத்தால் 92 செ.மீ. நீளம், 19 செ.மீ. அகலம் வரும். அதில் ஒரு நீள ஓரம் துணியின் சொந்தக் கரையாக இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். மற்ற ஓரங்களை மடித்து அடிக்கவே கூடாது, மடித்தால் அங்கே விறைத்துக்கொள்ளும். துணிப் பசையைத் தண்ணீரில் கரைத்து நுனியில் மெல்லத் தடவிக் காயவிட்டால் பிசிறு பிரியாது.

கொசுவத்தைப் பொம்மைமேல் வைத்து மடிக்காதீர்கள். இஸ்திரி மேசையிலேயே 2 செ.மீ. அகலத்தில் ஐந்து மடிப்பு மடித்து, மேலும் கீழும் குண்டூசி குத்தி, ஈரத்துணி போட்டு அழுத்தித் தேயுங்கள். நன்றாக ஆறிய பிறகு மேல் விளிம்பில் ஒரு வரி கைத்தையல் போட்டுவிட்டு ஊசிகளை எடுங்கள். உள்பாவாடை வேண்டாம். இடுப்பில் மெல்லிய ரிப்பன் ஒன்றைக் கட்டி அதில் செருகினால் போதும். முந்தானை நுனியில் பொடி மணிகளைக் கோத்துவிட்டால் அந்த எடைக்கு முந்தானை நேராகத் தொங்கும். கல்யாணப் பட்டுதான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால், அதன் ஜரிகையில் 4 மி.மீ. மட்டும் வெட்டிக் கரையாக வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: பொம்மையின் கை கால்களில் ஒட்டுக்கோடு தெரிகிறது. தலையில் மட்டும் எங்கே தேடினாலும் கோடு இல்லையே, எப்படி?
– கல்லூரி மாணவி, மதுரை

கண் கூர்மையாகத்தான் இருக்கிறது! கடினமான பிளாஸ்டிக் பாகங்களை இரண்டு பாதி அச்சுகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தி எடுக்கிறார்கள். பாதிகள் சேரும் இடத்தில் கோடு விழும். தலைக்கு அச்சு வேறு மாதிரி.

சிற்பி முதலில் களிமண்ணில் தலையைச் செதுக்குவார். இப்போது கம்ப்யூட்டரில் செதுக்கி முப்பரிமாண அச்சில் எடுப்பதும் சகஜம். அதை மெழுகில் நகலெடுத்து, மெழுகின்மேல் மின்முலாம் முறையில் உலோகத்தைக் கெட்டியாகப் படியவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றினால் உள்ளே வெற்றிடம் உள்ள உலோக அச்சு கிடைக்கும். அதற்குத் திறப்பு ஒன்றே ஒன்றுதான், கழுத்து. அதன் வழியே வினைல் என்ற மென்மையான பிளாஸ்டிக்கைத் திரவமாக ஊற்றி, மூடி, சூட்டில் எல்லாப் பக்கமும் சுழல விடுவார்கள். வினைல் அச்சின் உள்சுவரில் தோலாகப் படிந்து இறுகும். அது இளஞ்சூட்டோடு இருக்கும்போதே தொழிலாளி இடுக்கியை உள்ளே விட்டுப் பிடித்து இழுப்பார். அவ்வளவு பெரிய தலை, அந்தச் சின்னக் கழுத்து ஓட்டை வழியாக நசுங்கிப் பிதுங்கி வெளியே வரும். வந்த வேகத்தில் மூக்கும் உதடும் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். வினைல் ஆறும்போது சற்றுச் சுருங்கும் என்பதால், சிற்பி முதலிலேயே கொஞ்சம் பெரிதாகத்தான் செதுக்கியிருப்பார்.

முடியை இதற்கென்றே உள்ள தையல் மெஷினில் ஏற்றுகிறார்கள். உடைந்துபோன பழைய பொம்மை ஏதாவது இருந்தால் தலையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வரிசை வரிசையாக நூல் முடிச்சுகள், அதன்மேல் பூசிய பசை எல்லாம் தெரியும். வகிடு எடுக்கும் இடத்தில் மட்டும் முடி நெருக்கமாக இருக்கும்.

கேள்வி: குழந்தைகள் விளையாட்டுப் பொருளைப் பெரியவர்கள் கலை என்று கொண்டாடுவது எனக்குப் புரியவில்லை. விளக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

ஐயா, நீங்கள் கேட்டதற்கு நன்றி. உங்களுக்கு நான் பாரிஸ் நகரத்தில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

1944 ஆகஸ்டில் அந்த நகரம் ஜெர்மானியர் பிடியிலிருந்து விடுபட்டது. துணி இல்லை, தோல் இல்லை, அடுப்புக்குக் கரி இல்லை. உலகத்துக்கே உடை கற்றுக்கொடுத்த தையல் கூடங்கள் தாங்கள் இன்னும் உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. ஆள் உயரத்துக்குத் தைக்கத் துணி இல்லாததால், ஆள் உயரத்தில் பாதிக்கும் குறைவாக, சுமார் 27 அங்குலத்தில், கம்பியால் 200-க்கும் மேற்பட்ட உருவங்களைச் செய்தார்கள். கம்பி உடம்பை வரைந்தவர் எலியான் பொனாபெல் என்ற இளம்பெண். தலைகளைப் பிளாஸ்டரில் வடித்தவர் ஜோவான் ரெபுல் என்ற சிற்பி. முகத்துக்கு அவர்கள் சாயம் பூசவில்லை. பூசியிருந்தால் பார்க்கிறவர் கண் முகத்திலேயே நின்றிருக்கும், இப்போது அது நேராக உடைக்குப் போகிறது. என் கணிப்பில் அந்த முடிவுதான் அவற்றைக் கலையாக்கியது.

பலென்சியாகா, நினா ரிச்சி, ஸ்கியாபரெல்லி போன்ற கூடங்கள் அவற்றுக்குத் தைத்தன. பொத்தான் போட்டால் நிஜமாகவே பூட்டும், கைப்பை திறக்கும், காலணியைச் செருப்புக் கலைஞர்களே செய்து கொடுத்தார்கள். தியேத்ர் த லா மோத் (பேஷன் நாடக அரங்கு) என்று பெயரிட்டு 1945 மார்ச்சில் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியக வளாகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு லட்சம் பேர் போல வந்து பார்த்தார்கள், வசூல் போர் நிவாரணத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு அமெரிக்கா போன உருவங்கள் அங்கேயே தங்கிவிட்டன. இன்று வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைத் தைத்த கைகள் குளிரில் விறைத்த கைகள், ஐயா. குழந்தை விளையாட அவற்றில் ஒன்றையும் செய்யவில்லை.

கேள்வி: பல வருடமாகப் பெட்டியில் கிடந்த பொம்மையின் உடம்பில் கருநீலச் சட்டையின் சாயம் இறங்கிவிட்டது. போகுமா?
– வாசகி, புதுச்சேரி

பெரும்பாலும் போகும், பொறுமை வேண்டும். மருந்துக் கடையில் பென்சாயில் பெராக்ஸைடு கலந்த முகப்பரு க்ரீம் கிடைக்கும். கறையின்மேல் மட்டும் தடவி, சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றி வெயிலில் வையுங்கள். நாள்தோறும் பார்த்துவிட்டு மறுபடி தடவுங்கள். நல்ல இடத்தில் பட்டால் அதன் நிறமும் வெளுக்கும், அதனால் கறைக்கு வெளியே ஒரு துளியும் போகக் கூடாது. முகத்துப் பெயின்ட், முடி இரண்டிலும் படவே கூடாது. நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் பக்கம் போகாதீர்கள். கடினமான பிளாஸ்டிக் உடம்பை அது கரைத்துவிடும்.

பழைய பொம்மையில் உலோகத் தோடு இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். உலோகம் வினைலோடு சேர்ந்து காதைப் பச்சையாக்கிவிடும், அந்தப் பச்சையைப் போக்குவது பெரும்பாடு. இனி அடர்நிறச் சட்டை போடும்போது உள்ளே வெள்ளைத் துணி ஒன்றைச் சுற்றிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் விலை ஏறுமா?
– வாசகர், ஓசூர்

ஏறலாம், ஏறாமலும் போகலாம். ப்ளைத் என்ற பெருந்தலைப் பொம்மையைக் கென்னர் நிறுவனம் 1972-ல் விற்றது, போணியாகாமல் ஒரே வருடத்தில் நிறுத்தியது. சுமார் முப்பது வருடம் கழித்து ஒரு புகைப்படப் புத்தகத்தால் அதற்கு மவுசு வந்து ஜப்பானில் மறுபிறவி எடுத்தது. இதை யார் கணித்திருப்பார்? பெட்டிக்குள்ளேயே வைத்தால் ரப்பர் பேண்டும் பிளாஸ்டிக் கட்டும் தழும்பு போடும். பிரியுங்கள், உடையின் தையலைப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதிமூன்று வயது. தங்கையின் பொம்மைகளுக்கு விதவிதமாக உடை தைக்கிறான், நன்றாகவும் வருகிறது. சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். தடுப்பதா விடுவதா?
– ஒரு தாய், ஈரோடு

தடுக்காதீர்கள் அம்மா. தைவானில் பிறந்த ஜேசன் வூ என்ற பையனும் சின்ன வயதில் பொம்மைகளை வைத்துத்தான் தையல் கற்றுக்கொண்டான். பள்ளிக்கூட வயதிலேயே இன்டெக்ரிட்டி டாய்ஸ் என்ற பொம்மை நிறுவனத்துக்கு உடை வடிவமைக்கத் தொடங்கினான். பெரியவர்கள் சேகரிக்கும் ஃபேஷன் ராயல்டி என்ற பொம்மை வரிசை அவருடைய கைவண்ணம். 2009 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் மனைவி மிஷல் ஒபாமா, கணவரின் பதவியேற்பு விழா நடன நிகழ்ச்சிக்கு உடுத்திய ஒற்றைத் தோள் வெள்ளை கவுனை வடிவமைத்தவரும் அவரே. அப்போது அவருக்கு வயது 26. சிரிக்கிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பையனுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். பொம்மையைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் காகித டேப்பை முழுக்க ஒட்டச் சொல்லுங்கள். சட்டையின் தையல் எங்கெங்கே வர வேண்டுமோ அங்கெல்லாம் டேப்பின்மேல் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோடுகளிலேயே வெட்டி எடுத்தால் தட்டையான துண்டுகள் வரும். அவைதான் அந்த உடம்புக்கு உரிய பேட்டர்ன். ஒவ்வொன்றையும் காகிதத்தில் வரைந்து, தையலுக்குச் சுற்றிலும் 4 மி.மீ. விட்டு வெட்டட்டும். தைத்து முடித்ததும் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பட்டும். உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன் என்று சொல்லி வையுங்கள்.