சைஸ் ஒன்று, தாங்கும் பாரம் வேறு

கேள்வி: கோவில் திருவிழா, கல்யாண வீடுகளுக்கு சவுண்ட், லைட் போடும் தொழில் செய்கிறேன். டொயோட்டா கேடிஎச் வானுக்குள் ஸ்பீக்கர் பெட்டிகளும் பையன்களும், பின்னால் ட்ரெய்லரில் ஜெனரேட்டர். பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. கடைக்காரர் அதே சைஸில் விலை குறைந்த ஒரு ஜோடி காட்டுகிறார். கூட்டாளியோ மட் டயர் போடு, தோட்டத்து ரோட்டுக்கு அதுதான் சரி என்கிறார். எதைப் போடட்டும் அண்ணா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: சைஸ் அதேதான் என்கிறீர்கள், சரி. சைஸுக்குப் பக்கத்தில் என்ன இலக்கம் இருக்கிறது தம்பி? விஷயமே அங்கேதான். உங்கள் பழைய டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள், வானோடு வந்த வகைதான் என்றால் 195/80ஆர்15 என்பதற்குப் பிறகு 107/105 என்று இருக்கும். 107 என்றால் ஒரு டயர் 975 கிலோ தாங்கும். 105 அச்சின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு இரண்டு டயர் போடும் வண்டிக்கானது, அதை விட்டுவிடலாம். இப்போது இதே 195/80ஆர்15 சைஸில், சின்ன ஜிம்னி ஜீப்புக்குப் போடுகிற டயரும் கடையில் இருக்கும், அதில் 96 என்று போட்டிருக்கும், அது தாங்குவது 710 கிலோதான். ரிம்மில் கச்சிதமாக உட்காரும், பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் ஜோடிக்கு 530 கிலோ குறைவு! விலை குறைந்த ஜோடி அதுவாக இருந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம்.

ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒழுங்காகப் பாரம் ஏற்றிய ட்ரெய்லரின் எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு, அதை இழுக்கும் வானின் கொக்கியில் இறங்கும். ஜெனரேட்டரும் ட்ரெய்லரும் சேர்ந்து 600 கிலோ என்றால் 60 கிலோ. அந்தக் கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டு இருப்பதால் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, பின் டயர்களுக்கு 60-க்கும் மேலேயே கொடுக்கும். அதோடு ஸ்பீக்கர் பெட்டிகளையும் நீங்கள் கடைசி சீட்டுக்குப் பின்னால்தான் அடுக்குவீர்கள், தெரியும். எல்லாப் பாரமும் பின் டயரில்தான் போய் விழும், அதனால்தான் அந்த இலக்கம் குறையக் கூடாது என்கிறேன்.

மட் டயர் வேண்டாம். தோட்டத்து ரோட்டில் நீங்கள் ஓடுவது கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர், மிச்சமெல்லாம் தார் ரோடு, அதுவும் பாதி நாள் நனைந்த தார் ரோடு. பெரிய பெரிய கட்டிகளாக இருக்கும் அந்த டயருக்கு நனைந்த தாரில் பிடி குறைவு, கினிகத்தேனை இறக்கத்தில் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது நமக்குத் தேவையே அந்தப் பிடிதான். சாதாரண வான் ரேடியல் போதும். புது ஜோடியைப் பின்னால்தான் போட வேண்டும், முன் டயர் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் சரி, மழையில் வளைவில் வழுக்குவதென்றால் பின்பக்கம் வழுக்குவதுதான் ஆபத்து.

அப்புறம் காற்று. எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும், முழுப் பாரத்துக்கு என்று எழுதிய அளவையே பின்னால் வையுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டும். மலை இறங்கி வந்து சூட்டோடு அளந்தால் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடுகிறவர்கள் நம்மூரில் நிறையப் பேர்.

கேள்வி: வானிலிருந்து கழற்றும் பழைய டயரை ட்ரெய்லருக்குப் போடலாமா? பட்டன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.
– அதே வாசகர்

பதில்: பட்டனை, அதாவது ரோட்டில் படும் கட்டிகளைவிட வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும், 1421 என்றால் 2021-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் செய்தது. ட்ரெய்லர் வாரக்கணக்கில் வெயிலிலும் பனியிலும் ஒரே இடத்தில் நிற்கிற சாமான், அதன் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பரில் வெடிப்பு விட்டுவிடும். பள்ளங்களுக்கு இடையே நகக்கீறல் மாதிரி மெல்லிய வெடிப்பு தெரிந்தால் போடவே வேண்டாம். வெடிப்பு இல்லை, ஐந்தாறு வருஷத்துக்குள் செய்தது, ரிம்மும் பொருந்துகிறது என்றால் போடலாம், இரண்டு பக்கமும் ஒரே வகையாக இருக்கட்டும். ஜெனரேட்டரை ட்ரெய்லர் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக் கட்டுங்கள். பின்னால் தள்ளி வைத்தால் ட்ரெய்லர் வாலாட்டும், அதற்கு எந்த டயர் போட்டும் பிரயோசனமில்லை.