சாங்ஷன்: அனுமதியா, தடையா?

வணக்கம். ஈராக் மீதான ஐ.நா. 'சாங்ஷன்ஸ்' என்பதை 'அனுமதிகள்' என்று மொழிபெயர்த்து மதிப்பெண் இழந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வங்கியில் கடன் 'சாங்ஷன்' ஆனால் அது அனுமதிதானே என்பது உங்கள் கேள்வி. அதுவும் சரியான பொருள்தான். இந்த இடத்துக்குப் பொருந்தாது, அவ்வளவே.

லத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்கு, மீறக்கூடாத புனித விதியாக நிலைநாட்டுவது என்று பொருள். விதியை நிலைநாட்டுபவர் ஒன்றுக்கு ஒப்புதல் அளிப்பார். மீறியவரைத் தண்டிக்கவும் செய்வார். ஒரே வேரிலிருந்து எதிரெதிர்த் திசையில் இரண்டு கிளைகள். எனக்கு மிகவும் பிடித்த ஆங்கிலச் சொற்களில் இது ஒன்று!

செய்திகளில் பன்மையில் வந்து, அடுத்து 'ஆன்' அல்லது 'அகெயின்ஸ்ட்' இருந்தால் தடை என்றே கொள்ளுங்கள். குவைத்தை ஆக்கிரமித்த ஈராக் மீது 1990 ஆகஸ்டில் பாதுகாப்பு மன்றத்தின் 661ஆம் தீர்மானம் விதித்தவை பொருளாதாரத் தடைகள்.

வினைச்சொல்லாக வரும்போதுதான் உண்மையான சிக்கல். அப்போது எதைச் 'சாங்ஷன்' செய்தார்கள் என்று பாருங்கள். கடன், செலவு, திட்டம் என்றால் பெரும்பாலும் ஒப்புதல். நாடு, நிறுவனம், தனிமனிதர் என்றால் தண்டனை அல்லது தடை. உங்கள் வாக்கியத்தில் 'பொருளாதாரத் தடைகள்' என்று எழுதுங்கள்.