ஏஃபிப் இருக்கிறவர்கள் பிபி மெஷின் வாங்குவது எப்படி? லோ பிபி பயமும் சில கேள்விகளும்

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பதுதான் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன், சுருக்கமாக ஏஃபிப். இது இருப்பவர்கள் வீட்டுக்கு பிபி மெஷின் வாங்கும்போது எழும் சந்தேகங்களும், மெஷினில் குறைந்த எண்ணைப் பார்த்ததும் வரும் பயமும் இந்த முறை.

கேள்வி: எனக்கு ஏஃபிப் இருக்கிறது. புது மெஷினில் அடுத்தடுத்து மூன்று முறை பார்த்தேன். 88/56, 112/70, 97/64 என்று வந்தது. மெஷின் பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். ஏஃபிப்பில் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறுகிறது. இடைவெளி நீண்டால் கீழறை நன்றாக நிரம்பி அடுத்த துடிப்பு பலமாக வரும். இடைவெளி குறுகினால் பாதி நிரம்பிய அறை சுருங்கும், அந்தத் துடிப்பு பலவீனமாக இருக்கும். ஆக, உங்கள் ரத்த அழுத்தமே ஒவ்வொரு துடிப்பிலும் வேறுவேறாகத்தான் இருக்கிறது. தானியங்கி மெஷின், கையில் சுற்றும் பட்டையிலிருந்து காற்று இறங்கும்போது ஏற்படும் சின்னச் சின்ன அதிர்வுகளை வைத்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்கிடுகிறது. அந்த நேரத்தில் பலமான துடிப்பு வாய்த்தால் ஒரு எண், பலவீனமான துடிப்பு வாய்த்தால் வேறு எண்.

அதனால் ஏஃபிப் உள்ளவர்களுக்கு ஒற்றை அளவு என்பது அளவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அல்லது இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். உங்கள் மூன்றின் சராசரி 99/63. பொதுவாக 90/60-க்குக் கீழே போனால்தான் லோ பிபி என்பார்கள். 88-ஐ மட்டும் பார்த்து இரவெல்லாம் தூக்கம் கெட்டிருந்தால் அது வீண் கவலை. கீழ் அளவில் இன்னொரு சங்கதி உண்டு: ஏஃபிப்பில் தானியங்கி மெஷின்கள் கீழ் அளவைச் சற்றுக் கூட்டிக் காட்ட வாய்ப்பிருக்கிறது. மேல் அளவின் சராசரி அதைவிட நம்பகமானது.

மூன்று அளவுகளும் முறையாக எடுத்தவையா என்பதையும் பாருங்கள். அளவெடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் உட்காருங்கள். பட்டை வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே, இதய உயரத்தில் இருக்கட்டும். கை மேசையில் தாங்கியிருக்கட்டும். பேச்சு வேண்டாம், பக்கத்தில் இருப்பவரின் கேள்விக்கு பதிலும் வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு மெஷின் வாங்க வேண்டும். எந்த வசதிக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம்?

முதல் கவனம் பட்டையின் அளவில் இருக்கட்டும். தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவே அம்மாவின் கைச் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலான பெட்டிகளில் வரும் நடுத்தரப் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரை பொருந்தும். அதற்கு மேல் என்றால் பெரிய பட்டை, அல்லது 22 முதல் 42 வரை போகும் அகலப் பட்டை தேவை. பருத்த கையில் சின்னப் பட்டை கட்டினால் எண் கூடும். மெலிந்த கையில் பெரிய பட்டை கட்டினால் எண் குறையும். வயதானவர்களில் கை மெலிந்தவர்கள் அதிகம், லோ பிபி என்று பயப்படுகிறவர்களும் அவர்கள்தான். 20 செ.மீ. கையில் நடுத்தரப் பட்டையைச் சுற்றிவிட்டு, வந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். சின்னப் பட்டை தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது, ஒரு முறை பட்டனை அழுத்தினால் தானே மூன்று முறை அளந்து சராசரி காட்டும் வசதி. ஏஃபிப் உள்ளவர்களுக்கு இதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், தாராளமாக. கை நடுக்கம், மறதி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. இந்த வசதி இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மூன்றாவது, அந்த மாடல் சோதித்துச் சான்று பெற்றதா என்பது. ஸ்ட்ரைட் பிபி போன்ற இணையப் பட்டியல்களில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடலாம். கம்பெனிப் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, மாடல் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வழக்கமான சான்றுச் சோதனைகள் சீரான துடிப்பு உள்ளவர்களை வைத்து நடப்பவை. பிபி மெஷின்களைச் சோதிப்பதற்காக 2018-இல் வந்த பொதுத் தர நிர்ணயம் ஏஃபிப் உள்ளவர்களைத் தனியாகச் சோதிக்க வேண்டிய பிரிவாகவே வைத்திருக்கிறது. சான்று இருக்கிறது என்பதால் மூன்று முறை எடுக்கும் வேலை குறையாது.

'ஏஃபிப் கண்டுபிடிக்கும்' என்ற விளம்பரத்துக்கு வருவோம். சீரற்ற துடிப்பு வந்தால் இதயக் குறி காட்டும் மெஷின்கள் ஒரு ரகம், ஏஃபிப்புக்கென்றே தனிக் கணக்கு வைத்திருப்பவை இன்னொரு ரகம். இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்பார்கள். இரண்டாவது ரகத்தில் மைக்ரோலைஃபின் வாட்ச்பிபி ஹோம் ஏ என்ற மெஷினை பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2013-இல் பரிந்துரைத்தது. ஏஃபிப் இருப்பதே தெரியாதவர்களிடம் அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பரிந்துரை. அம்மாவுக்கு ஏஃபிப் வந்து வந்து போகிறது என்றால், எப்போது வருகிறது என்று குறித்துவைக்க இந்த வசதி உதவும். எப்போதும் ஏஃபிப்பிலேயே இருக்கிறார் என்றால் ஒவ்வொரு முறையும் அந்த விளக்கு எரியும், பயம்தான் மிச்சம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் அந்த விளக்கை நம்ப முடியாது.

மணிக்கட்டு மெஷினைத் தவிருங்கள். இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. இறங்கினாலே சுமார் 8 புள்ளி கூடும், ஏறினால் அதே அளவு குறையும். மேல்கையில் கட்டவே முடியாத அளவு கை பருத்திருந்தால் மட்டும், மணிக்கட்டை இதய உயரத்தில் தாங்கிப் பிடித்து அளக்கலாம். விரலில் மாட்டும் பிபி கருவி எதற்கும் உதவாது.

கேள்வி: பட்டையே இல்லாமல் பிபி காட்டும் கைக்கடிகாரம் வாங்கலாமா? நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாமே!

வேண்டாம். பட்டை இல்லாத கருவிகளை நோயறியவோ மருந்தை முடிவு செய்யவோ பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2022-இல் சொல்லியிருக்கிறது. இவற்றில் பல, நாடி அலையின் வடிவத்தை வைத்து அழுத்தத்தை ஊகிப்பவை. ஏஃபிப்பில் அலைக்கு அலை வடிவம் மாறுவதால் அந்த ஊகம் இன்னும் தடுமாறும். நாள் முழுக்கப் பார்க்க முடிவதை நீங்கள் நன்மையாகச் சொல்கிறீர்கள். லோ பிபி பயம் உள்ளவருக்கு அதுவே கெடுதல்.

ஈசிஜி எடுக்கும் கடிகாரம் வேறு விஷயம். படபடப்பு வரும் நேரத்தில் 30 விநாடி ஈசிஜியைப் பதிந்து மருத்துவரிடம் காட்ட முடிவது உண்மையிலேயே பயனுள்ளது.

கேள்வி: அப்பா ஏஃபிப்புக்கு பிசோப்ரோலாலும் ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபானும் சாப்பிடுகிறார். எழுந்து நின்றால் கிறுகிறுப்பு வருகிறது. பிபி 95 காட்டினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? உப்புக் கரைசல் பாக்கெட் வாங்கிக் கொடுக்கலாமா?

இரண்டையும் நீங்களாகச் செய்யாதீர்கள். பிசோப்ரோலால் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து, அதைத் திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும். வேகமாகத் துடிக்கும்போது கீழறை நிரம்ப நேரம் கிடைக்காது, பிபி இன்னும் இறங்கலாம். அபிக்ஸபான் பிபியைக் குறைக்கும் மருந்தே இல்லை. அதை நிறுத்தினால் பக்கவாத ஆபத்துதான் கூடும்.

முதலில் உண்மையிலேயே நிற்கும்போது இறங்குகிறதா என்று பாருங்கள். காலையில் 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு. எழுந்து நின்றதும் 1-ஆவது நிமிடத்தில் ஒன்று, 3-ஆவது நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போதும் கையை இதய உயரத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும், தொங்கவிட்டால் எண் கூடிவிடும். பின்னால் நாற்காலி, பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம். கிறுகிறுத்தால் உடனே உட்கார வைத்துவிடுங்கள். மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ இறங்கினால் அது கணக்கில் எடுக்க வேண்டிய இறக்கம். ஆனால் ஏஃபிப்பில் தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதை முதல் பதிலில் பார்த்தோம். அதனால் மூன்று நாள் காலையில் திரும்பச் செய்யுங்கள். மூன்று நாளும் இறங்கினால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள்.

கூடவே அப்பாவின் மாத்திரை டப்பா முழுவதையும் எடுத்துப் போங்கள். குற்றவாளி பல சமயம் ஏஃபிப் மாத்திரையாக இருக்காது. புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், நீர் பிரியும் மாத்திரை, நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட், ஆண்மைக் குறைவுக்குத் தரும் சில்டெனாஃபில் எல்லாமே பிபியை இறக்கும். துடிப்பைக் கட்டுப்படுத்தும் டில்டியாஜெம், வெராபமில் இரண்டும் இறக்கும், அவை பிசோப்ரோலாலோடு சேர்ந்தால் துடிப்பே ஆபத்தான அளவுக்குக் குறையலாம். டிகாக்சின் மட்டும் பிபியைக் குறைக்காமல் துடிப்பைக் குறைக்கும், அதனால்தான் பிபி தாழ்ந்தவர்களுக்குச் சில மருத்துவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்ட நேரம், கிறுகிறுப்பு வந்த நேரம் இரண்டையும் எழுதிக் காட்டினால், நேரத்தை மாற்றுவதா அளவைக் குறைப்பதா என்று அவர் முடிவு செய்ய வசதியாக இருக்கும்.

உப்புக் கரைசல் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறோம்: ஏஃபிப்போடு இதயச் செயலிழப்பும், சிறுநீரகக் குறைபாடும் சேர்ந்திருப்பது சகஜம். அவர்களுக்குக் கூடுதல் உப்பு கால் வீக்கத்தையும் மூச்சுத் திணறலையும் கொண்டுவரும். மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள். தண்ணீர்க் கட்டுப்பாடு இல்லாதவர் என்றால், காலையில் எழுவதற்கு முன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து, கட்டிலோரம் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழுவதே பலருக்குப் போதுமானது.

இவை இருந்தால் மெஷினைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்: மயங்கி விழுதல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் ஒரு பக்கம் இழுத்தல், ஓய்விலும் அடங்காத வேகத் துடிப்போடு குளிர்ந்த வியர்வை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்குத் தார் போலக் கறுத்த மலமும் பிபி இறக்கமும் சேர்ந்து வந்தால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: பிபி மெஷினில் துடிப்பு 58, ஈசிஜியில் 96. எது சரி?

ஈசிஜி. பலவீனமான துடிப்புகள் கை வரைக்கும் வந்து சேர்வதில்லை, மெஷின் அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டருக்கும் இதே குறை உண்டு. மெஷினில் 58 பார்த்துவிட்டுத் துடிப்பு மாத்திரையைத் தவிர்ப்பது இதனால்தான் தவறு. ஸ்டெதஸ்கோப் இருந்தால் இடது மார்புக்குக் கீழே வைத்து முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது சீரான துடிப்புக்குத்தான் சரிப்படும்.

கேள்வி: அழுத்தக் காலுறை லோ பிபிக்கு உதவுமா?

நிற்கும்போது இறங்கும் பிபிக்கு உதவும், ஆனால் முழங்கால் வரை மட்டும் வரும் காலுறையால் பயன் குறைவு. தொடை அல்லது இடுப்பு வரை வருவது வேண்டும். வயிற்றைச் சுற்றிக் கட்டும் அழுத்தப் பட்டி பலருக்கு அதைவிடச் சுலபம். காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் காலுறை போடக் கூடாது, வாங்குவதற்கு முன் அதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பட்டை கட்டிய இடத்தில் சிவப்புப் புள்ளிகளும் கன்றலும் வருகின்றன. மெஷின் சில சமயம் 'எர்ரர்' என்றும் காட்டுகிறது.

இரண்டும் சம்பந்தப்பட்டவை. துடிப்பு ஒழுங்கற்றிருப்பதால் மெஷின் குழம்பி, பட்டையை இன்னும் அதிகமாக ஊதி மறுபடி முயல்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தோலுக்கடியில் புள்ளிகள் வருவது அதனால்தான். காலை மூன்று, மாலை மூன்று என்பதோடு நிறுத்துங்கள். கன்றல் பரவினால், அல்லது வேறு இடங்களிலும் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எர்ரருக்கு முதலில் புது பேட்டரி போட்டுப் பாருங்கள், பலவீனமான பேட்டரி மெதுவாக ஊதும். பிறகு குழாய் மடிந்திருக்கிறதா, இணைப்பு தளர்ந்திருக்கிறதா, பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் தொய்வாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்து, சீரான துடிப்புள்ள வீட்டார் ஒருவருக்குக் கட்டினால் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால், மெஷினில் கோளாறு இல்லை. அவருக்கும் எர்ரர் வந்தால் ரசீதோடு கடைக்குப் போங்கள். வாங்கும்போதே வாரண்டி பட்டைக்கும் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது, முதலில் தேய்வது பட்டையும் அதன் ஒட்டும் பகுதியும்தான். வருடத்துக்கு ஒரு முறை மெஷினை மருத்துவமனைக்கு எடுத்துப் போய், அதே கையில், மாற்றி மாற்றி மூன்று முறை அவர்கள் கருவியோடு ஒப்பிட்டுச் சராசரிகளைப் பாருங்கள்.